எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கப் பயமா?

முதுகுவலிக்கோ தலைவலிக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். ஸ்கேன் சென்டரில் மேசை உள்ளே நகர்ந்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, 'வெளியே எடுங்க' என்று கத்தத் தோன்றுகிறது. பாதியில் எழுந்து வந்த பலர் அதை வீட்டில்கூடச் சொல்வதில்லை. 'சின்னப் பிள்ளையே படுத்துட்டு வருது, உங்களுக்கு என்ன?' என்று யாராவது கேட்டுவிட்டால் அதோடு ஸ்கேன் தள்ளிப்போகிறது. நோயைக் கண்டுபிடிப்பதும் சேர்ந்து தள்ளிப்போகிறதே என்பதுதான் என் கவலை.

உங்கள் பயம் எது?

மூடிய இடத்து அச்சத்துக்குள் இரண்டு பயங்கள் இருப்பதாக ஸ்டான்லி ராக்மன், ஸ்டீவன் டெய்லர் என்ற உளவியலாளர்கள் 1993-ல் விளக்கினார்கள். ஒன்று மூச்சு முட்டிவிடும் என்ற பயம்; மற்றது அசைய முடியாமல் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். இரண்டுக்கும் மருந்து வேறு.

மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: அந்தக் குழாய் இருபுறமும் திறந்தே இருக்கிறது, காற்று குறையாது. உள்ளே சிறு மின்விசிறியும் உண்டு; கூட்டி வைக்கச் சொல்லலாம். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். அதைத்தான் மூச்சு முட்டுவதாக நினைத்துக்கொள்கிறோம். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். முதல் நாள் இரவே படுக்கையில் பழகிக்கொள்வது நல்லது.

மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறவர்களுக்குக் கையில் தரும் ரப்பர் பந்துதான் துணை. அதை அழுத்தினால் டெக்னீஷியன் மைக்கில் பேசுவார், தேவைப்பட்டால் மேசையை வெளியே கொண்டுவருவார். உள்ளே போகுமுன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரு தடவை உள்ளே நகர்த்தி வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். தலை ஸ்கேனுக்கு முகத்தின் மேல் கூண்டுபோல ஒன்றை மாட்டுவார்கள். அதில் கண்ணாடி பொருத்தினால் கால்பக்கம் உள்ள அறை தெரியும். அது இல்லாத இடத்தில், மேசை நகரும் முன்பே கண்ணை மூடி மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் கண் திறந்து மூக்குக்கு நேரே சுவரைப் பார்க்கும் நொடியில்தான் பலருக்குப் பதற்றம் ஏறுகிறது.

சத்தம்

காந்தப் புலத்துக்குள் உள்ள கம்பிச்சுருள்களில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்வதால் அவை அதிர்கின்றன. அதுதான் அந்த 'டக் டக்'. 100 டெசிபலையும் தாண்டும் என்பதால் காதடைப்பான் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

தேதி வாங்கும்போதே சொல்லுங்கள்

மேசையில் படுத்த பிறகு சொன்னால் செய்யக்கூடியது குறைவு. முன்பே சொன்னால் வழிகள் பல. பழைய கருவிகளின் குழாய் 60 செ.மீ. விட்டம், அகலக் கருவிகளில் 70 செ.மீ.; தோள் அகன்றவர்களுக்கு இந்த 10 செ.மீ. பெரிய ஆறுதல். முழங்கால், கணுக்கால் என்றால் கால் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியே இருக்கும். சோதித்துப் பார்த்து உறவினர் ஒருவரை அறைக்குள் நிற்க அனுமதிக்கும் இடங்களும் உண்டு. சி.டி. ஸ்கேனோ அல்ட்ராசவுண்டோ போதுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். எல்லா நோய்க்கும் போதாது.

பதற்றம் தணிக்கும் மாத்திரையை மருத்துவர் எழுதித் தரலாம். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். குறட்டை, மூச்சுத் தடை, கர்ப்பம் எதுவானாலும் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரை போட்ட அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும்.

தாலியும் ஊக்கும்

காந்தத்தின் அருகே உலோகம் கூடாது என்று கடைசி நிமிடத்தில் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லும்போது பெண்கள் பலர் கலங்கிப்போகிறார்கள். அந்தக் கலக்கத்தோடு குழாய்க்குள் போனால் பயம் இரட்டிப்பாகும். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டு போகலாம். சேலை ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். பேஸ்மேக்கரோ மூளை ரத்தக்குழாயில் கிளிப்போ இருந்தால் மறைக்கவே கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

பாதியில் வெளியே வந்துவிட்டால்

அதுவரை எடுத்த படங்களே போதுமா என்று ரேடியாலஜிஸ்ட் பார்த்துச் சொல்வார். போதாதென்றால், மறுதேதிக்கான சீட்டில் 'மூடிய இடத்தில் அச்சம் உள்ளவர்' என்று எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். லிஃப்ட்டில் ஏறவும் குளியலறைக் கதவைத் தாழிடவும்கூடப் பயம் என்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது.