உண்ணி இல்லை, அடி இல்லை, ரத்தம் மட்டும் நிற்கவில்லை

பனமரத்துப்பட்டிப் பக்கம் நாய்க்கு மூக்கில் ரத்தம் வடிந்தால் முதலில் காதுமடலைப் புரட்டிப் பார்ப்பார்கள். உண்ணி அப்பிக்கிடக்கும். உண்ணிக் காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் உண்ணியே இல்லாத அல்சேஷன் குட்டிக்குப் பால்பல் விழுந்த இடத்தில் விடிய விடிய ரத்தம் கசிந்து, முட்டி புடைத்து, நொண்டவும் செய்தால்? அது கடுவன் குட்டி என்றால் ஹீமோஃபீலியாவையும் நினைக்க வேண்டும்.

ரத்தம் உறைய ஒன்றையொன்று எழுப்பிவிடும் பல புரதங்கள் வேண்டும். எட்டாம் காரணி குறைந்தால் வருவது ஹீமோஃபீலியா ஏ. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். கடுவனுக்கு இருப்பதே ஒன்று.

அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில் 1947-ல் கென்னத் பிரிங்கஸ் இந்நோயுள்ள ஐரிஷ் செட்டர் நாய்களை வளர்க்கத் தொடங்கினார். பின்னாளில் அந்த வம்சத்தின் மரபணுவைப் படித்தபோது, அதில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள மனிதர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் இதே மாதிரிக் கோளாறுதான்! போதாததற்கு, ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கு மூட்டில் தானாக ரத்தம் கசிவது அரிது. நாய்க்கு நம்மைப் போலவே கசியும்.

இத்தகைய நாய்களிடம் சோதித்த மரபணுச் சிகிச்சை இப்படி: ஏஏவி என்ற சாதுவான வைரஸின் சரக்கை எடுத்துவிட்டு, நல்ல மரபணுவை வைத்து நரம்பில் ஏற்றுவார்கள். அது ஈரலில் போய் இறங்கும். ஒன்பது நாய்களைப் பத்தாண்டு வரை கவனித்த ஆய்வு 2020-ல் வெளியானது. கிடைத்த காரணி இயல்பில் 2 முதல் 11 சதவீதம்தான். அதற்கே ரத்தக்கசிவு வெகுவாகக் குறைந்தது. சில ஈரல் செல்களில் மரபணு குரோமோசோமுக்குள் சொருகிக்கொண்டு, அந்தச் செல்கள் பெருகியும் இருந்தன. புற்றுக்கட்டி எதுவும் தென்படவில்லை. ஆனாலும் மரபணு சொருகிக்கொண்டதைச் சொல்லும் வரிதான் எனக்கு அந்த ஆய்விலேயே முக்கியமானது.

வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு மனிதர்களிடம் வேறு வழி பிடித்தது. நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் என்ற இன்னொரு வைரஸால் மரபணுவை ஏற்றி, அவருக்கே திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானபோது, சிகிச்சை பெற்ற ஐந்து பேருக்கும் அதன்பின் ரத்தக்கசிவே இல்லை. இதிலும் மரபணு குரோமோசோமில்தான் சொருகப்படுகிறது. ஆகவே கண்காணிப்பு வருடக்கணக்கில் நீளும்.

நம் அல்சேஷன் குட்டிக்கு இதெல்லாம் எட்டாத தூரம். அதற்கு வேறொரு நாயின் ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றுவதுதான் நடைமுறை. தடுப்பூசி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சதையில் போடாமல் தோலுக்கடியில் மெல்லிய ஊசியால் போடுவார். குட்டி நல்ல விலைக்குப் போகிறதென்று, பழுதான எக்ஸைக் கொடுத்த தாயை இன்னொரு தடவை கிராஸுக்கு விடாதீர்கள்.