350 கிராம் கூரை

1955ஆம் ஆண்டு எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தன்னந்தனியாக நடந்து முடித்தார். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை, 3,000 கிலோமீட்டருக்கும் மேல். தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை. மழைக்கு ஒதுங்க, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. கூடாரமே கிடையாது.

அந்தத் திரையின் வாரிசுதான் இன்று நெடுநடைக்காரர்கள் சுமக்கும் மெல்லிய தார்ப்பாய். தரைவிரிப்பு இல்லை, சுவர் இல்லை. தூக்கி நிறுத்த, நடக்கும்போது ஊன்றும் கோல்களே போதும். பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். ஒரு முழுச் சேலையைவிடப் பெரியது. எடையோ ஏறத்தாழ 350 கிராம்.

இவ்வளவு லேசான துணி எப்படி மழையைத் தாங்குகிறது? துணி 30 டெனியர் நைலான். டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு: 9,000 மீட்டர் நீள நூலின் எடை, கிராமில். அதாவது இந்த நூலை 9 கிலோமீட்டர் நீட்டினாலும் எடை 30 கிராம்தான். நெய்த துணியைச் சிலிகோனில் ஊறவைக்கிறார்கள். அது இழைகளுக்குள் புகுந்து நீரை விரட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதன் இன்னொரு வேலை. சிலிகோன் இழைகளை வழுக்க வைக்கிறது. துணியில் கிழிசல் விழுந்தால் அதன் முனையில் இழைகள் நகர்ந்து ஒன்றோடொன்று நெருங்கிக் கற்றையாகிவிடும். ஒற்றை இழையாக அறுத்துக்கொண்டு போன கிழிசல், இப்போது ஒரு கற்றையையே அறுக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

அடுத்தது காற்று. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 6 கிலோ எடை சாய்ந்தது போன்ற அழுத்தம். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு. தட்டையாகக் கட்டிய துணி படபடவென்று அடித்துக்கொள்ளும், முளை பிடுங்கும். சதுரத் தார்ப்பாயின் எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி, மற்ற இரண்டைத் தரையோடு முளையடித்துப் பாருங்கள். உயர்ந்த மூலைகளுக்கு நடுவே துணி தொய்கிறது. தாழ்ந்த மூலைகளுக்கு நடுவே வில்லாக எழுகிறது. இது சேண வளைவு, குதிரைச் சேணம் போல் இரு திசைகளில் எதிரெதிராக வளைந்த பரப்பு. காற்று கீழே அழுத்தினால் முதல் வளைவு இறுகித் தாங்கும். மேலே தூக்கினால் இரண்டாவது வளைவு இறுகும். ஒரு கம்பிகூட உள்ளே இல்லாமல் துணிக்கு விறைப்பு வந்துவிடுகிறது! 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் புகழ்பெற்ற கூரைக்காக ஃப்ரை ஓட்டோவும் மற்றப் பொறியாளர்களும் கையாண்டது இதே வளைவைத்தான்.

இழுத்துக் கட்டும் முடிச்சிலும் இந்தச் சாமர்த்தியம் உண்டு. கயிற்றின் நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, துணியிலிருந்து வரும் தாய்க்கயிற்றின் மேலேயே வளையத்தின் உட்புறம் இரண்டு சுற்று, வெளிப்புறம் ஒரு சுற்று போட்டு இறுக்குகிறார்கள். கையால் தள்ளினால் முடிச்சு நகரும். துணி இழுத்தால் நகராது. அந்த இழுப்பே தாய்க்கயிற்றைச் சுற்றுகளுக்குள் வளைத்து, உராய்வைக் கூட்டிவிடுகிறது.

சுவர் இல்லாததும் நன்மையே. தூங்கும் ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாக ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். மூடிய கூடாரத்தில் அது குளிர்ந்த துணியில் படிந்து சொட்டும். இங்கே காற்று வாரிக்கொண்டு போய்விடும். தெளிந்த வானத்தின் கீழ் எதுவும் தன் வெப்பத்தை மேல்நோக்கி வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். பனித்துளி அதன்மேல் இறங்கும். அந்தக் குளிர்ச்சியைத் தார்ப்பாய் தானே ஏற்றுக்கொள்வதால், அடியில் படுத்திருப்பவர் நனைவதில்லை.

நைலானுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஈரம் பட்டால் நீர் மூலக்கூறுகள் அதன் சங்கிலிகளுக்கிடையே புகுந்து பிணைப்பைத் தளர்த்தும், துணி தொய்யும். மழை தொடங்கிய சிறிது நேரத்தில் எழுந்து கயிறுகளை மறுபடி இறுக்க வேண்டும். கொசுவும் தடையின்றி வரும், வலை தனியாகத் தேவை. முதல்முறை கட்டுபவர்கள் மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ பழகிவிட்டு மலைக்குப் போங்கள். காற்று வரும் பக்கத்து முளையை முதலில் அடியுங்கள். அந்த ஓரம் தரையோடு ஒட்டி இருக்கட்டும்.