மைனிங் கம்ப்யூட்டரும் கரண்ட் பில்லும்

வீட்டுக் கம்ப்யூட்டரை இரவும் பகலும் ஓடவிட்டு கிரிப்டோகரன்சி சம்பாதிக்கலாமா என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். 2021-ல் நானே அப்படி ஒன்றை அசெம்பிள் செய்தேன். அந்தக் கணக்கைப் பாருங்கள்.

மைனிங் என்பது ஒரு போட்டி. பரிமாற்றங்களைப் பதிவு செய்ய ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டருக்குப் புதிய காயின் பரிசு. தனியாக ஜெயிப்பது கஷ்டம் என்பதால் பூல் என்ற குழுவில் சேர்ந்து பரிசைப் பங்கிட்டுக் கொள்வார்கள்.

நான் எடுத்தது எத்தீரியம். பழைய மதர்போர்டில் இரண்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டுகளை மாட்டினேன். பிளக்கில் வாட் மீட்டர் வைத்துப் பார்த்தால் 340 வாட்! ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்கு மேல்.

குறைக்க முடிந்தது. எத்தீரியம் மைனிங்குக்கு கார்டின் மெமரி வேகம்தான் முக்கியம். எனவே எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டை 65 சதவீதமாக்கி, கோர் கிளாக்கை இறக்கி, மெமரி கிளாக்கை ஏற்றினேன். 125 வாட் கார்டு 80 வாட்டுக்கு வந்தது. வேகம் குறையவில்லை, சற்று கூடவே செய்தது. அடுத்து, மலிவான பவர் சப்ளையை எடுத்துவிட்டு 80 பிளஸ் கோல்டு ரகம் போட்டேன். பாதி லோடில் இது சுமார் 90 சதவீத மின்சாரத்தை வீணாக்காமல் தரும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டதில் மிச்சம் சில வாட்தான். கடைசியில் மீட்டர் காட்டியது 215 வாட்.

சந்தோஷம்தான். ஆனால் ரீடிங் எடுத்த அன்று அப்பா அட்டையை நீட்டினார். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டில் 610 யூனிட்! நம் மாநிலத்தில் 500-ஐத் தாண்டினால் கீழ் யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் கூடும். 530 ரூபாய் பில் 2500 ரூபாய் ஆனது. செட்டிங்ஸை மாற்றாமல் விட்டிருந்தால் 3700. காயின் விலை ஏறியிருந்ததால் அப்போது தப்பித்தேன்.

2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டது. ஒரே நாளில் என் கார்டுகளுக்கு வேலை போயிற்று. பிட்காயினுக்கு கிராபிக்ஸ் கார்டு உதவாது, ஏசிக் என்ற தனி மெஷின் வேண்டும். ஆன்ட்மைனர் எஸ்19 புரோ 3250 வாட் இழுக்கும். அதாவது நாளுக்கு 78 யூனிட்! சத்தமும் மிக்ஸி போல. இது போதாதென்று, 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்குச் செலவான கரண்ட் பில்லை அதில் கழிக்கவும் முடியாது.

ஆகவே புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் மைனிங்குக்காக என்று விலை கூடிய கார்டை வாங்காதீர்கள். நான் ஒரு கார்டை விற்றுவிட்டேன். இன்னொன்றில் தம்பி கேம் ஆடுகிறான். பவர் லிமிட்டை மட்டும் நான் இன்னும் ஏற்றவில்லை. அவன் கவனித்ததாகவும் தெரியவில்லை.