பல் ஏன் கூசுகிறது?

குளிர்ந்த நீரோ இனிப்போ புளிப்போ வாயில் பட்டதும் பல்லில் சுரீரென்று எழுந்து, சில நொடிகளில் அடங்கிவிடும் வலியே பற்கூச்சம். இருபது முதல் ஐம்பது வயதுக்குட்பட்டோரிடம் இது மிகுதி. கோரைப்பல்லிலும் அதையடுத்த முன்கடைவாய்ப் பற்களிலும், ஈறை ஒட்டிய பகுதியில்தான் பெரும்பாலும் தோன்றும்.

பல்லின் மேற்பகுதியை எனாமல் மூடியிருக்கிறது. உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. நரம்பு இல்லாததால் அதற்கு வலி தெரியாது. ஈறுக்குள் புதைந்திருக்கும் வேரை மூடுவது சிமென்டம் என்னும் மெல்லிய படலம். இவ்விரண்டுக்கும் அடியில் இருப்பது டென்டின். இதில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பிலேயே கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் நுண்குழாய்கள் உண்டு. அவை வெளிப்புறத்திலிருந்து நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த பற்கூழ் வரை நீள்கின்றன. அவற்றுக்குள் திரவம் நிரம்பியிருக்கிறது.

ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவினால் பால்குழாய்கள் திறந்து பால் வடிவதுபோல, மூடி தேய்ந்த பல்லிலும் நுண்குழாய்களின் வாய் திறந்து உள்ளிருக்கும் திரவம் அசைகிறது. அந்த அசைவே பற்கூழின் ஓரத்திலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது என்று ஸ்வீடன் நாட்டுப் பல் மருத்துவர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் விளக்கினார். இன்றும் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுவே. குளிர்ச்சியும் இனிப்பும் திரவத்தை வெளிநோக்கி இழுக்கின்றன. சூடு உள்நோக்கித் தள்ளுகிறது. வெளிநோக்கிய ஓட்டம் நரம்பை அதிகம் தூண்டுவதால்தான் சூடான காப்பியைவிட, துருவிய பனிக்கட்டியில் செய்த ஐஸ் கச்சாங் அதிகமாகக் கூசவைக்கிறது.

மூடி கழல்வதற்கு முதற்காரணம் தவறான பல் துலக்கல். மலேசியாவின் பழைய ரப்பர் தோட்டங்களில் கரியும் சாம்பலும் உப்பும் கொண்டு விரலால் பல் தேய்த்த வழக்கம் இருந்தது. சொரசொரப்பான பொடிகள் பல்லை வெளுப்பாகக் காட்டினாலும் அதை அராவிவிடும். இன்று அந்த வேலையைக் கடினமான தூரிகையும் அழுத்தித் தேய்க்கும் கையும் செய்கின்றன. ஈறு கீழிறங்கி வேர் வெளிப்படுகிறது. சிமென்டம் விரைவில் தேய்ந்துபோகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்க்கு இடப்பக்கப் பற்களில் இந்தத் தேய்மானம் கூடுதலாக இருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் அமிலம். வாயின் அமிலகாரக் குறியீடு (pH) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் குறியீடு 2க்கு அருகில். சோடா பானங்களும் 4க்குக் கீழேதான். ‘அசாம் போய்’ எனும் உப்பிட்ட உலர் பிளம் போட்ட எலுமிச்சை நீர், புளிப்பில் ஊறிய மாங்காய், ஈப்போவை அடுத்த தம்புனின் பொமெலோ ஆகியவற்றை உண்ணக்கூடாது என்பதில்லை. அவற்றை நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சுவைத்துக்கொண்டிருப்பதே கேடு. அமிலம் பட்டு இளகிய எனாமலை உடனே துலக்கினால் அது எளிதில் தேயும். நீரால் கொப்பளித்துவிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்க வேண்டும்.

ஈறு நோய், உறக்கத்தில் பல் நெரித்தல், இரைப்பை அமிலம் வாய்க்கு ஏறுதல், வெற்றிலை பாக்கை ஓயாது மெல்லுதல் ஆகியவையும் பல்லைத் தேய்க்கும் அல்லது வேரை வெளிப்படுத்தும். மலேசியாவில் குடிநீரில் புளோரைடு கலப்பது 1972இல் தேசியக் கொள்கையாயிற்று. அது சொத்தையைக் குறைக்கிறது. ஆனால் தேய்ந்துபோன எனாமலை மீண்டும் வளர்க்காது.

மெல்லிய இழைத் தூரிகையும் மென்மையான துலக்கலும்தான் முதல் மருந்து. கூச்சத்துக்கான பற்பசைகளில் பொட்டாசியம் நைட்ரேட் நரம்பின் தூண்டலைத் தணிக்கும்; ஸ்டானஸ் புளோரைடு, ஆர்ஜினைன் போன்றவை நுண்குழாய்களை அடைக்கும். நாள்தோறும் இரு வேளை சில வாரங்கள் பயன்படுத்தினால்தான் பலன் தெரியும். அதற்கும் தீராவிட்டால் பல் மருத்துவர் புளோரைடு வார்னிஷ் பூசலாம், தேய்ந்த இடத்தைப் பல்நிறக் கலவையால் மூடலாம், கீழிறங்கிய ஈறுக்குத் திசு ஒட்டும் சிகிச்சையும் செய்யலாம்.

எல்லா வலியும் கூச்சமல்ல. குளிரோ சூடோ நீங்கிய பின்னும் வலி நீடித்தால், இரவில் உறக்கத்தைக் கலைத்தால், கடிக்கும்போது ஒரே பல் குத்தினால், ஈறு வீங்கினால், அது சொத்தையோ விரிசலோ பற்கூழின் அழற்சியோ ஆகலாம். பற்பசையை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காமல், உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலம் தாழ்த்தினால், எளிதில் அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லுக்கு வேர்ச்சிகிச்சையோ பிடுங்குவதோ தவிர வேறு வழி இராது.