தக்காளிக் குழம்பில் இத்தாலியக் கறி உருண்டை

வருசநாடு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வட்டாரங்களில் தக்காளி பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு அப்பயிரின் இரு முகங்களும் நன்கு தெரியும். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாடெங்கும் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று. அப்போது தமிழகக் கூட்டுறவுத் துறை சென்னையில் நியாய விலைக் கடைகளிலும் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் அதனைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. விலை சரியும் காலத்திலோ, பறிகூலிக்கும் ஆண்டிபட்டிச் சந்தைக்குச் செல்லும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழம் செடியிலேயே விடப்படுகிறது; அல்லது சாலையோரத்தில் கொட்டப்படுகிறது. தட்டுப்பாட்டில் வாங்குபவர் கண் கலங்குகிறார். மிகுதியில் விளைவித்தவர் கண் கலங்குகிறார்.

சந்தை விலையைச் சீர்செய்வது சமையற் கட்டுரையின் வேலையன்று. ஆயினும், கூடையில் தேங்கிய பத்துக் கிலோப் பழத்தை வீட்டளவில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இத்தாலி நாட்டுக் குடியானவர்கள் நெடுங்காலமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அந்நாட்டின் தென்பகுதியில் ஆகஸ்டு மாதம் தக்காளி பழுத்துக் குவியும்போது, உற்றாரும் அண்டை வீட்டாரும் ஒன்றுகூடிப் பழத்தை வேகவைத்து, தோலும் விதையும் நீக்கி, கூழாக்கிக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து ஆண்டு முழுமைக்கும் வைத்துக் கொள்கிறார்கள். அக்கூழைக் காய்ச்சிய குழம்பில் கறி உருண்டைகளைப் போட்டு வேகவைப்பது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்து. அதனையே இங்கு எடுத்துக் கொண்டோம்.

தக்காளி இத்தாலிக்கும் சொந்தப் பயிரன்று என்பதை முதலில் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் அது ஐரோப்பா சென்றது. அங்குள்ளோர் அதை நெடுநாள் ஐயத்துடனேயே பார்த்தனர். 1690களில் நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி என்பவர் வெளியிட்ட சமையல் நூலில்தான் தக்காளிக் குழம்பு ஒன்றன் செய்முறை முதன்முதலாக அச்சேறியதாகக் கருதப்படுகிறது. அதற்கும் அவர் இட்ட பெயர் ஸ்பானிய முறை என்பதே. கறி உருண்டையை அவர்கள் ‘போல்பெத்தே’ என்பர். 1891இல் பெல்லெக்ரீனோ அர்த்தூசி வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில், எவருக்கும் கைவரக்கூடிய எளிய பண்டமாக அது இடம்பெற்றுள்ளது. சேமியாவைப் போல் நீண்ட ஸ்பாகெட்டியின் மேல் பெரிய உருண்டைகளை அடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரிடையே வளர்ந்ததாகும். தாய்நாட்டில் உருண்டையைத் தனியாகவே உண்பது பெருவழக்கு. அப்ருசோ என்ற மாநிலத்தில் சுண்டைக்காயளவு உருட்டி மாவிழைகளோடு சேர்ப்பதுண்டு.

இப்பண்டம் பிறந்த காரணம் நம் கருத்துக்குரியது. தென்இத்தாலியில் ஏழைக் குடும்பங்களுக்கு இறைச்சி அரிய பொருள். கிடைத்த சிறிதளவு கறியைப் பழைய ரொட்டியோடு கலந்து உருட்டினால் பல வாய்களுக்கு எட்டும். அமெரிக்கா சென்றபின் இறைச்சி மலிவாகக் கிடைத்ததால் உருண்டை பருத்தது, ரொட்டி குறைந்தது. சுவையும் அதனால் கூடிற்று என்று சொல்ல நம்மால் இயலவில்லை. ஏனெனில் உருண்டையின் மென்மைக்குக் காரணம் அந்த ரொட்டியே ஆகும்.

கறியை அரைத்து உப்பிட்டுப் பிசையும்போது, தசையிலுள்ள மயோசின் என்னும் புரதம் உப்பினால் கரைந்து பசைபோல் ஒட்டுகிறது. மேலும் மேலும் பிசைந்தால் அப்பசை ஒன்றோடொன்று பின்னிக் கொள்கிறது. பிறகு சூடேறும்போது அப்பின்னல் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றும். அதனால்தான் சில வீடுகளில் உருண்டை ரப்பர்ப் பந்தாகி விடுகிறது. பாலில் ஊறிய ரொட்டி இரு வகையில் உதவுகிறது. அதிலுள்ள மாவுச்சத்து நீரைப் பிடித்து வைக்கிறது. புரத இழைகளுக்கிடையே புகுந்து அவை இறுகிப் பின்னாமலும் தடுக்கிறது. நெசவு வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவும் ஊடையும் நெருங்க நெருங்கத் துணி விறைக்கும். சற்று இடம்விட்டு நெய்தால் துவளும்.

நம் பக்கத்துக் கோலா உருண்டையிலும் இதே அறிவு வேலை செய்கிறது. மதுரைச் சீமையில் கொத்துக்கறியோடு பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் கசகசாவும் சேர்க்கிறோம். பொட்டுக்கடலை நீரை உறிஞ்சிக் கறியை விலக்கி வைக்கிறது. உருண்டை உதிராதிருக்க வாழைநாரைச் சுற்றிப் பொரிக்கும் பழைய வழக்கமும் உண்டு. ஆனால் கோலா எண்ணெயில் பொரிவதற்கென்றே அமைந்தது. மேற்புறம் மொறுமொறுப்பாக இருப்பதே அதன் அழகு. குழம்பில் அரைமணி நேரம் கிடந்து வேகும் உருண்டைக்குப் பொட்டுக்கடலை சற்றுக் கெட்டித்தன்மை தருகிறது. இரண்டையும் செய்து பார்த்ததில், குழம்புக்கு ரொட்டியே ஏற்றது என்ற முடிவுக்கு வந்தோம். ரொட்டி கிடைக்காத ஊரில் இரண்டு மேசைக்கரண்டிப் பொட்டுக்கடலை மாவை மூன்று மேசைக்கரண்டிப் பாலில் குழைத்துச் சேர்க்கலாம், குறையொன்றுமில்லை.

இனிக் குழம்பு. இதற்கு இரண்டு கிலோ தக்காளி வேண்டும். எந்தத் தக்காளி என்பதில்தான் நம் நாட்டார் கருத்து வேறுபடுவர். பெரியகுளத்து ஆராய்ச்சி நிலையம் 1978இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் ரகம், தேனியை அடுத்த அன்னஞ்சி ஊரின் பெயர் கொண்ட உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கப்பட்டது என்பது நம் வட்டாரத்திற்குப் பெருமை. தட்டை உருண்டையாய், காம்பருகே பச்சைத் தோளோடு இருக்கும் அப்பழத்தில் சாறும் புளிப்பும் மிகுதி. வீரிய ஒட்டு ரகங்களில் சதை மிகுதி, புளிப்புக் குறைவு, தோல் தடிப்பு. இத்தாலியர் குழம்புக்கென்றே போற்றும் சான் மார்சானோ ரகம் நீண்டு, சதை தடித்து, விதை குறைந்திருக்கும். நம்மிடம் அது இல்லாததால் நாட்டுப் பழம் ஒரு பங்கும் ஒட்டுப் பழம் ஒரு பங்குமாகக் கலப்பதே நலம். நாட்டுப் பழம் மட்டுமே இருந்தால் இன்னும் கால்மணி நேரம் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும், அவ்வளவே.

பழத்தின் அடியில் கத்தியால் பெருக்கல் குறிபோல் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் தோல் தானே உரிந்து வரும். பிறகு கையால் பிசைந்து கொள்ளலாம். வாயகன்ற எவர்சில்வர்ப் பாத்திரம் அல்லது மண்சட்டி நல்லது. அலுமினியம் வேண்டாம், தக்காளியின் புளிப்பு அதைத் தின்னும், குழம்பிலும் உலோகச் சுவை ஏறும். நான்கு மேசைக்கரண்டிக் கடலை எண்ணெயில் பொடியாக நறுக்கிய பத்துச் சின்ன வெங்காயத்தையும் நசுக்கிய ஆறு பூண்டுப் பற்களையும் நிறம் மாறாமல் வதக்கி, தக்காளியை ஊற்றி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பிட்டு, மூடாமல் இளந்தீயில் வைக்க வேண்டும். ஒரு கிலோத் தக்காளியில் ஏறத்தாழ 940 கிராம் தண்ணீரே. அத்தண்ணீர் வற்றுவதுதான் குழம்பின் சுவை. மிளகாய்த்தூளும் புளியும் சேர்த்து அதற்கு ஈடு செய்ய முடியாது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் அளவு பாதியாகும். புளிப்பு மிஞ்சினால் ஒரு சிட்டிகைச் சர்க்கரை போதும்.

இத்தாலியர் இதில் இடும் ‘பாசிலிக்கோ’ என்னும் தழை நமக்குப் புதியதன்று. நாம் திருநீற்றுப் பச்சிலை என்கிறோமே, அதுவேதான். சப்ஜா விதையைத் தருவதும் அச்செடியே. வேலியோரம் அது இருந்தால், இறக்குமுன் ஐந்தாறு இலைகளைக் கிள்ளிப் போடுக. முன்கூட்டிப் போட்டால் மணம் போய்விடும். துளசி அதற்கு மாற்றாகாது. செடி இல்லாதவர் கொத்தமல்லியோடு நிறுத்திக் கொள்வது மேல்.

குழம்பு வற்றும் நேரத்தில் கறியைக் கவனிக்கலாம். அரைக்கிலோ ஆட்டுக்கறி, முன்னங்கால் சப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். வெள்ளாட்டில் கொழுப்புக் குறைவாதலால், கறிக்கடையில் சொல்லி அதில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புச் சேர்த்துக் கொத்தி வாங்க வேண்டும். கொழுப்பே இல்லாத கறியை எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் உருண்டை வறண்டே இருக்கும். இயந்திரத்தில் மாவுபோல் அரைப்பதைவிட, புளியங்கட்டையில் கத்தியால் கொத்திய கறி நமக்குப் பிடித்திருக்கிறது. சமைக்கும் வரை அதைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பது அவசியம்.

இனிப்பில்லாத ரொட்டித் துண்டுகள் இரண்டின் ஓரத்தை நீக்கி, 100 மில்லி பாலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கையால் மசித்துக் கூழாக்கிக் கொள்ளவும். இக்கூழுடன் ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், இடித்த சோம்பு அரைத் தேக்கரண்டி, மூன்று பூண்டுப் பற்கள், ஒரு பிடி கொத்தமல்லித் தழை ஆகியவற்றை முதலில் கலந்துவிட வேண்டும். கறி கடைசியில்தான் சேரும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: மசாலை பரவுவதற்காகக் கறியை மறுபடி மறுபடி பிசைய வேண்டிய தேவை இராது. விரல்களை விரித்து, சப்பாத்தி மாவு பிசைவதுபோல் அழுத்தாமல், புட்டுமாவு கலப்பதுபோல் கிளறி, கறி தெரியாமல் கலந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். கலவை சற்றுத் தளர்ந்தே இருக்கும்; அதைக் கண்டு மேலும் மாவு சேர்ப்பவர்கள்தாம் பின்னர் உருண்டை கல்லாயிற்று என்று குறைப்படுகிறார்கள். கையை நனைத்துக் கொண்டு சிறிய எலுமிச்சையளவு உருட்டினால் பதினெட்டு அல்லது இருபது உருண்டை தேறும். எட்டுப் பேர் கொண்ட குடும்பத்திற்கு அரைக்கிலோக் கறி போதுமானதாவது இவ்விதமே.

அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்தால் உருண்டை இறுகும். பிறகு தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு மேற்புறம் மட்டும் சிவக்கப் புரட்டி, குழம்பில் இறக்க வேண்டும். புரட்டாமல் நேரே குழம்பில் இடுவோரும் உண்டு; அது மேலும் மென்மையாயிருக்கும், ஆனால் சிவந்த கறியின் மணம் குழம்பில் சேராது. இதன்பின் அரைமணி முதல் நாற்பது நிமிடம் வரை தீ மிகக் குறைவாக இருக்க வேண்டும். குழம்பில் ஓரிரு குமிழி எழுந்து அடங்கினால் சரி. தளதளவென்று கொதித்தால் கறி சுருங்கி நீரை உமிழ்ந்துவிடும். கரண்டி இடாமல், பாத்திரத்தின் காதைப் பிடித்து ஒருமுறை அசைத்தால் போதும். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுத் தறிக்குத் திரும்பக்கூடிய சமையல் இது என்பதைச் சக்கம்பட்டி, சுப்புலாபுரம் வீடுகளில் உள்ளோர் கவனிக்கலாம். உண்பதற்கு இடியாப்பம் மிகப் பொருத்தம். சோற்றைவிட இழைகளில் குழம்பு நன்கு பற்றுகிறது. ஆட்டுக் கொழுப்பு ஆறினால் உறையுமாகையால் சூடாகவே பரிமாறுக. மரக்கறி உண்போர், ஆவியில் வேகவைத்த பருப்பு உருண்டையை இதே குழம்பில் பத்து நிமிடம் இட்டு எடுக்கலாம்.

மிகுந்த தக்காளியைச் சேமிப்பது பற்றி எச்சரிக்கையுடன் பேச வேண்டியிருக்கிறது. காற்றுப் புகாத புட்டியில், புளிப்புக் குறைந்த உணவில், போட்டுலிசம் என்னும் உயிர்கொல்லி நஞ்சை உண்டாக்கும் நுண்கிருமி வளரக்கூடும். அந்நஞ்சு நிறத்திலோ மணத்திலோ வெளிப்படாமலும் இருக்கும். உணவின் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் அக்கிருமி வளராது. தக்காளி அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்பதால், நம் நாக்குக்குப் புளிக்கிறது என்பதை நம்பிவிடக் கூடாது. ஆகவே வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதுவும் சேராத வெறுந்தக்காளியைக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க, திருகுமூடியுள்ள சூடு தாங்கும் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிச் சிட்ரிக் அமிலம் தவறாமல் இட வேண்டும். வீட்டு எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறுவதால் அதை நம்புவதற்கில்லை. மேலே விரற்கணு அளவு இடம் விட்டு, புது மூடியிட்டு, சாடி முழுவதும் மூழ்கும் கொதிநீரில் 50 நிமிடம் வைக்கவும். மேகமலை போன்ற உயர்ந்த இடங்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் 55 நிமிடம் தேவை. பத்துக் கிலோப் பழத்தைப் பாதியாக வற்றவைத்தால் ஏறத்தாழ ஐந்து லிட்டர் கிடைக்கும். அதற்கு மேல் வற்றவைப்பது விறகுச் செலவு.

கறி சேர்ந்த குழம்பை எக்காரணம் கொண்டும் இம்முறையில் அடைக்கலாகாது. அதை அன்றே உண்ண வேண்டும், மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் கொதிக்கவைத்து உண்டுவிட வேண்டும். அடைத்த சாடிகளில் தேதி எழுதி ஒட்டுக. மூடி உப்பியிருந்தாலும், திறக்கையில் சீறினாலும், சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுக. நல்ல சாடியைத் திறந்தபின் குளிர்பெட்டியில் வைத்து நான்கைந்து நாட்களுக்குள் தீர்த்துவிடலாம்.