வேலியே பயிரை மேய்ந்தது!

வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்து வைக்கிறோம். அசல் தொலைந்தால் நகல் கை கொடுக்கும். நகல் எடுக்க வந்தவரே அசலைக் கிழித்துப் போட்டால்?

ஜப்பானில் 2021-ம் ஆண்டு அப்படித்தான் நடந்தது!

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு ராட்சத கம்ப்யூட்டர். விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிப் பைல்கள் அதில் இருந்தன. அவற்றுக்குத் தவறாமல் நகல் எடுக்க ஒரு "புரோகிராம்" இருந்தது. புரோகிராம் என்றால், கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவு. நகல் எடுத்த விவரத்தை அது குறித்து வைக்கும். 10 நாளுக்கு மேல் பழசான குறிப்புகளை அழித்து விடும்.

டிசம்பர் மாதம் இந்த உத்தரவைத் திருத்தினார்கள். பழைய உத்தரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் மேல் புதியதை வைத்து விட்டார்கள். கம்ப்யூட்டர் புதிய உத்தரவை நடுவில் இருந்து படித்தது. எந்த இடத்தில் அழிப்பது என்ற விவரம் அதற்குக் கிடைக்கவில்லை.

விளைவு? குறிப்புகளை விட்டு விட்டு, ஆராய்ச்சிப் பைல்களை அழிக்கத் தொடங்கியது!

14-ந்தேதி மாலை தொடங்கிய நாசம், 16-ந்தேதி பகலில்தான் நின்றது. அதற்குள் சுமார் 3 கோடியே 40 லட்சம் பைல்கள் போய் விட்டன. 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் பைல்களை நகலில் இருந்தும் மீட்க முடியவில்லை.

கம்ப்யூட்டரைக் கொடுத்த கம்பெனி, தவறு முழுவதும் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டது. நகல் எடுக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் நிறுத்தி வைத்தது. கோளாறைச் சரி செய்த பிறகே மீண்டும் தொடங்குவது என்று முடிவு செய்தது.

காவல் போட்டால் மட்டும் போதாது. காவல்காரன் மீதும் ஒரு கண் வேண்டும்!