முகவரி இல்லாத காவல்

கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் கோவிட் ஊரடங்கின் நடுவே இணையத்துக்கு மாறியது. ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்ட ஆபீஸ்களிலும் தொழிலாளர் வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல் கணக்கு கணினிக்கு வந்திருக்கும் காலம் இது. ஆனால் அந்தக் கணினிகளுக்குக் காவல்?

ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் சம்பளக் கணினி, ஸ்டோரில் மின்தராசும் கமெராக்களும், எல்லாம் ஒரே வலையமைப்பில். ஒவ்வொன்றுக்கும் யாரோ எப்போதோ கையால் போட்ட ஐபி முகவரி. போட்டவர் இப்போது எந்தத் தோட்டத்தில் இருக்கிறாரோ! சம்பளக் கணினியைத் தனியே காக்க வழக்கமான ஃபயர்வோலை வைத்தால், அது ரவுட்டர்போல இருபுறமும் வெவ்வேறு உபவலை, அதாவது வெவ்வேறு முகவரித் தொகுதி, கேட்கும். ஒரு பக்கத்து முகவரிகளை மாற்றியே ஆகவேண்டும்.

இங்கேதான் 'டிரான்ஸ்பேரன்ட்' முறை கைகொடுக்கிறது. ஃபயர்வோலின் இரண்டு துளைகளையும் பாலமாகச் சேர்த்து, கேபிளின் நடுவே செருகிவிடுகிறார்கள். எந்தக் கருவி எந்தப் பக்கம் என்பதை அது 48 பிட் மேக் முகவரிகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். ஸ்டோர் வாசலில் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சீட்டில் கைவைக்காமல் உள்ளே விடும் காவல்காரரைப் போலத்தான்: தரவின் உள்ளே பார்த்து விதிப்படி விடும் அல்லது தடுக்கும், முகவரியைத் தொடாது. சிஸ்கோ 2005இல் தன் பிக்ஸ் ஃபயர்வோலின் 7.0 பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. லினக்ஸ் போட்ட பழைய கணினியும் இரண்டு நெட்வேர்க் கார்டும் இருந்தாலே போதும்; சிறிய ஆபீஸுக்கு அதுவே நியாயமான செலவு.

ஆனால் பங்களா ஒரு உபவலை, ஸ்டோர் இன்னொன்று என்று ஏற்கெனவே பிரிந்திருந்தால், பாலம் மட்டும் அவற்றைப் பேசவைக்காது, ரவுட்டர் வேண்டும்.

பெரிய ஆபத்து வேறு. யாராவது அந்தப் பாலத்தைச் சுற்றி இன்னொரு கேபிளைச் செருகிவிட்டால் வளையம் உண்டாகும். ஐபி பொதிக்கு ஆயுள் எண் உண்டு, தாண்டும் ரவுட்டருக்கு ஒன்றாகக் குறைந்து செத்துப்போகும். அந்தப் பொதியைச் சுமக்கும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அது கிடையாது. சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் ஆபீஸ் முழுவதையும் முடக்கிவிடும். ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ முறை இத்தகைய வளையத்தைக் கண்டு ஒரு வழியை மூடிவைக்கும். அதற்காகக் கருவிகள் பரிமாறும் செய்திகளை ஃபயர்வோல் விதி தடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது பொருத்துபவரின் பொறுப்பு.

ஐப்பசி இடிமழையில் கரண்ட் போனால்? சில கருவிகளில் பைபாஸ் கார்டு இருக்கும். மின்சாரம் நின்றதும் இரு துளைகளும் நேரே இணைந்துகொள்ளும். வேலை நிற்காது, சோதனையும் நடக்காது. கமெராவுக்கு அது பரவாயில்லை. சம்பளக் கணினி இருக்கும் பக்கத்தில் பைபாஸை அணைத்துவைப்பதே நல்லது.